முதல் குண்டைச் சுட்டது யார்? அமெரிக்கப் பள்ளியில் வரலாறு படிப்பது என்றால் என்ன

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் இரண்டு பத்திகள், கீழே ஒரு கேள்வி. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன் ஊர்த் திடலில் முதலில் சுட்டது யார்? நான் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "பிரிட்டிஷ்காரன்தான், எழுதிக்கோ" என்றேன். அவளும் எழுதிக்கொண்டு போனாள். மூன்று நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. விடைக்குப் பக்கத்தில் சரி என்றும் போடவில்லை, தப்பு என்றும் போடவில்லை. ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: "உனக்கு எப்படித் தெரியும்?"

நான் படித்த வரலாற்றில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. முதலாம் பானிப்பட்டுப் போர் 1526. எப்படித் தெரியும்? புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஒரு மார்க்.

இங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்கள் கூடும் இடங்களில் அமெரிக்க வரலாற்றுப் பாடம் பற்றி மூன்று பேச்சுகள் திரும்பத் திரும்பக் கேட்கும். "எல்லாம் சேர்த்து இருநூத்தம்பது வருஷக் கதை, இதுல படிக்க என்ன இருக்கு?" என்பது ஒன்று. "ஒழுங்கா ஒரு புத்தகம் கூடக் கிடையாது, படத்தைப் பார்த்துப் பேசிட்டு வராங்க" என்பது இன்னொன்று. "எல்லாம் அவங்கவங்க கருத்துதான், எதை எழுதினாலும் மார்க்" என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் நானே சொல்லித் திரிந்தவன் என்பதால், இவை எங்கே தடுக்கி விழுகின்றன என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. விஷயம் முழுக்க ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அந்தச் சொல் சான்று.

## மூன்றாம் பந்தியில் தீர்ந்த சாம்பார்

ஒரு கல்யாணம். மூன்றாம் பந்தி நடக்கும்போது சாம்பார் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். இருபது வருடம் ஆகியும் இரண்டு குடும்பமும் அதைப் பேசுகின்றன.

பெண் வீட்டார் சொல்வது: "ரசம் ஊத்த ஆள் வந்துட்டாங்க, அதுக்குள்ள அவர் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்." மாப்பிள்ளை வீட்டார் சொல்வது: "அரை மணி நேரம் வெறும் சோத்தோட உட்கார வெச்சாங்க." சமையல்காரரைக் கேட்டால், "முந்நூறு இலைக்குத்தான் சொன்னாங்க, விழுந்தது ஐந்நூறு" என்பார். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், வீடியோக்காரர் அந்த நேரம் மேடையில் பரிசு கொடுக்கிறவர்களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் ஒருவர் பரணிலிருந்து மொய் நோட்டை எடுத்து வருகிறார். அதில் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எத்தனை குடும்பம் மொய் எழுதியது என்று எண்ணிப் பார்த்தால், சமையல்காரர் சொன்ன கணக்கு நம்பும்படி இருக்கிறதா என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

அன்று அங்கே இருந்தவர்களின் வாய்மொழி, அன்று எடுத்த வீடியோ, அன்று எழுதிய மொய் நோட்டு எல்லாம் முதன்மைச் சான்று. பள்ளியில் இதைப் பிரைமரி சோர்ஸ் என்பார்கள். சம்பவம் நடந்த காலத்திலேயே உண்டானது, அல்லது நேரில் கண்டவர் சொன்னது என்று பொருள். இருபது வருடம் கழித்து ஒரு பேத்தி இவற்றையெல்லாம் சேகரித்து, "அன்று நடந்தது இதுதான்" என்று எழுதினால் அது இரண்டாம் நிலைச் சான்று. பாடப்புத்தகம் இந்த வகை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதன்மை என்றால் அசல், அசல் என்றால் உண்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரியப்பாவின் கோபம் நூற்றுக்கு நூறு முதன்மைச் சான்று. அதனால் அரை மணி நேரம் என்பது அரை மணி நேரமாகிவிடாது.

## லெக்சிங்டன் திடலில் இரண்டு சாட்சிகள்

இப்போது மகள் கொண்டுவந்த தாளுக்கு வருவோம்.

1775 ஏப்ரலில் பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் படையில் சுமார் 700 பேர், குடியேற்றக்காரர்கள் கான்கார்ட் என்ற ஊரில் பதுக்கிவைத்த ஆயுதங்களைக் கைப்பற்ற இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். வழியில் லெக்சிங்டன். விடியற்காலையில் அந்த ஊர்த் திடலில், கேப்டன் ஜான் பார்க்கரின் தலைமையில் உள்ளூர்ப் படையினர் 77 பேர் நின்றார்கள். யாரோ சுட்டார்கள். அடங்கியபோது ஊர்க்காரர்கள் 8 பேர் செத்துக் கிடந்தார்கள். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வெடிச் சத்தத்தில் தொடங்கியது.

தாளில் இருந்த முதல் பத்தி, திடலில் நின்ற நத்தானியேல் மல்லிகன் உள்ளிட்ட 34 பேர் ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் முன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். தாங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்ததாகவும், முதுகைக் காட்டி நிற்கும்போதே படையினர் சுட்டதாகவும் அது சொல்கிறது. தங்கள் ஆட்களில் ஒருவரும் முதலில் சுடவில்லை, "எங்களுக்குத் தெரிந்தவரை" என்கிறது.

இரண்டாவது, பிரிட்டிஷ் லெப்டினன்ட் ஜான் பார்க்கரின் நாட்குறிப்பு. ஊர்க்காரர்களின் கேப்டனும் பார்க்கர், இவரும் பார்க்கர். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் ஒன்றுபோல ஆகிவிடுகிறது, என்ன செய்ய. அவர் எழுதியது: திடலில் 200 முதல் 300 பேர் வரை நின்றார்கள் என்று நினைக்கிறேன், தாக்கும் எண்ணமில்லாமல்தான் முன்னேறினோம், நெருங்கியதும் அவர்கள் ஒன்றிரண்டு முறை சுட்டார்கள், உடனே எங்கள் ஆட்கள் உத்தரவு எதுவும் இல்லாமலே பாய்ந்து சுட்டு அவர்களை விரட்டினார்கள்.

நான் செய்த தவறு, இரண்டையும் படிக்காமல் விடையைத் தேடியது. என் மகள் அப்போது செய்தது இன்னொரு தவறு. மேலிருந்து கீழே படித்துவிட்டு, "முப்பத்துநாலு பேர் சொல்றாங்க, ஒருத்தர் சொல்றார், அப்ப முப்பத்துநாலுதான் ஜெயிக்கும்" என்று எண்ணிக்கை பார்த்தது.

ஆசிரியர் எதிர்பார்த்தது மூன்று வேலைகளை.

முதல் வேலை, சொல்கிற ஆளைப் பார்ப்பது. வகுப்பில் சோர்ஸிங் என்பார்கள். யார் எழுதியது, எப்போது, யார் படிப்பதற்காக? அந்த 34 பேரும் ஆறு நாள் கழித்து வாக்குமூலம் கொடுக்கிறார்கள். கேட்டு வாங்கியது அவர்கள் பக்கத்து மாகாணப் பேரவை. அந்தத் தாள்களை வேகமான ஒரு கப்பலில் ஏற்றி, பிரிட்டிஷ் தளபதியின் அறிக்கை போய்ச் சேருவதற்கு முன்பே லண்டனில் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஆக இது ஊர் உலகத்தை நம்பவைக்க எழுதிய தாள். நாட்குறிப்பு அப்படிப் பரப்புவதற்காக எழுதியது இல்லை. அதற்காக லெப்டினன்ட் அரிச்சந்திரன் ஆகிவிடவும் மாட்டார். தன் ஆட்கள் உத்தரவில்லாமல் சுட்டதை எழுத வேண்டிய நிலையில் இருந்த அதிகாரி அவர்.

இரண்டாவது வேலை, அந்தக் காலச் சூழலில் வைத்துப் பார்ப்பது. கான்டெக்ஸ்ட் என்ற சொல்லைப் பிள்ளைகள் வாயில் அடிக்கடி கேட்கலாம். ஐந்து வருடம் முன்பு பாஸ்டனில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்து இருதரப்பும் குமுறிக்கொண்டிருந்த நேரம் அது. யார் முதலில் சுட்டாரோ அவர்மீதுதான் போரைத் தொடங்கிய பழி விழும் என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றாவது, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. இதன் பெயர் கரோபரேஷன். 77 பேர் நின்ற இடத்தில் 200, 300 என்று எழுதுகிறார் லெப்டினன்ட். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் சேர்த்து எண்ணினாரா, விடிகாலை இருட்டில் கண் ஏமாற்றியதா? அந்த இடத்தில் அவர் தடுமாறியிருந்தால், ஒன்றிரண்டு முறை சுட்டார்கள் என்பதில் எவ்வளவு உறுதி? அதே சமயம் இரண்டு தாள்களும் ஒத்துப்போகிற இடமும் உண்டு. படையினர் சுட்டார்கள், திடலில் நின்றவர்கள் சிதறினார்கள் என்பதை எதிரெதிர் ஆட்களே ஒப்புக்கொள்கிறார்கள். எதிராளியும் ஒப்புக்கொள்ளும் பகுதியை அதிக தைரியத்தோடு நம்பலாம்.

இவற்றோடு, வார்த்தை வார்த்தையாக ஊன்றிப் படிக்கும் பழக்கமும் வேண்டும். "எங்களுக்குத் தெரிந்தவரை" என்று 34 பேர் ஏன் சேர்த்துக்கொண்டார்கள்? எனக்கு இதுதான் அந்தத் தாளிலேயே மிகவும் பிடித்த இடம். சத்தியத்தின்மேல் சொல்லும்போது ஒரு சின்னக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

சரி, முதலில் சுட்டது யார்? இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தச் சான்றுகளை வைத்து எதுவரை சொல்லலாம், எதற்குமேல் சொல்லக்கூடாது என்று காட்டினால் அதுதான் விடை.

## கண் முதலில் எங்கே போகிறது

இந்த முறைக்குப் பின்னால் ஒரு ஆய்வு உண்டு. சாம் வைன்பர்க் என்ற கல்வி உளவியலாளர் 1991இல் வெளியிட்டது. வரலாற்றறிஞர்கள் 8 பேர், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 8 பேர். இருதரப்புக்கும் இதே லெக்சிங்டன் ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். மாணவர்கள் நன்றாகப் படிக்கிறவர்கள்தான். அறிஞர்களில் சிலர் வேறு நாட்டையும் வேறு காலத்தையும் ஆராய்கிறவர்கள், லெக்சிங்டன் அவர்களுக்கும் புதிது.

மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். அறிஞர்களின் கண் முதலில் தாளின் அடிக்குப் போனது: யார் எழுதியது, எந்தத் தேதி? அதைப் பார்த்த பிறகே மேலே வந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழுத்த வக்கீல் மாதிரி. இன்று பல அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் இரண்டு பத்திகளும் ஒரு கேள்வியுமாகத் தாள் வருகிறதே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இந்த ஆய்வு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அக்காலத்திலேயே உண்டானது முதன்மைச் சான்று, பின்னால் தொகுத்தது இரண்டாம் நிலைச் சான்று. முதன்மைச் சான்றும் பொய் சொல்லும், தடுமாறும். அதனால் ஆளைப் பார்த்து, காலத்தைப் பார்த்து, இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

## படத்தைப் பார்த்துப் பேசுவதா படிப்பு?

"படத்தைப் பார்த்துப் பேசிட்டு வராங்க" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணமாகும் படம் ஒன்று உண்டு. மேலே சொன்ன பாஸ்டன் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி வெள்ளித் தட்டார் பால் ரெவியர் செதுக்கி அச்சிட்ட படம். 1770 மார்ச் 5 இரவு நடந்த சம்பவம். சுமார் மூன்று வாரத்தில் படம் விற்பனைக்கு வந்துவிட்டது.

வலப் பக்கம் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் வரிசை பிசகாமல் நின்று ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கேப்டன் பிரெஸ்டன் வாளை உயர்த்தி உத்தரவு போடுகிறார். இடப் பக்கம் நிராயுதபாணியான நாகரிகமான மக்கள் இரத்தத்தில் விழுகிறார்கள். சிப்பாய்களுக்கு மேலே இருக்கும் சுங்கக் கட்டடத்தில் "கசாப்பு மண்டபம்" என்று பெயர்ப் பலகை. அப்படி ஒரு பலகை அந்தக் கட்டடத்தில் இல்லை, ரெவியர் மாட்டிவிட்டது. முன்னால் நடுவில், எதைப் பற்றியும் கவலைப்படாமல் ஒரு நாய்.

மகளின் வகுப்பில் இந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு, கூடவே விசாரணையில் சாட்சிகள் சொன்னதில் சில பத்திகளையும் கொடுத்தார்கள். அன்று தரையில் பனி கிடந்தது, படத்தில் இல்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் பனிக்கட்டிகளை எறிந்தார்கள், தடிகள் வைத்திருந்தார்கள், படத்தில் எல்லார் கையும் வெறுங்கை. சுட்டது தாறுமாறாக நடந்தது, படத்தில் அணிவகுப்பு. இறந்த ஐவரில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளி வந்தவர். படத்தில் அவரை அடையாளம் காட்டும் முகமே இல்லை.

கேப்டனுக்கும் சிப்பாய்களுக்கும் வழக்காட முன்வந்தவர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஆனவர். கேப்டன் விடுதலை, எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, இருவருக்கு மட்டும் கட்டைவிரலில் சூடு. அத்தனையும் குடியேற்றக்காரர்களே உட்கார்ந்திருந்த ஜூரிகள் முன்னால். இதைக் கேட்ட பிறகு அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கள். அது அன்றைய இரவைக் காட்டும் புகைப்படமாகத் தெரியாது, சுவரொட்டியாகத் தெரியும். ஆனால் சுவரொட்டியைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? பாஸ்டன் மக்களின் கோபத்தை எப்படிக் கிளப்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரே தாள் ஒரு கேள்விக்கு மோசமான சாட்சி, இன்னொரு கேள்விக்கு அருமையான சாட்சி.

ஒரு கொசுறு: படம் ரெவியரின் சொந்தக் கற்பனையும் இல்லை. ஹென்றி பெல்ஹாம் என்ற இளைஞர் வரைந்ததைப் பார்த்துச் செதுக்கி, அவருக்கு முன்பாகவே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். பெல்ஹாம் கொதித்துப்போய் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவர்களுக்கும் காப்பி அடிக்கிற நண்பர்கள் இருக்கிறார்களே.

## தாளில் இல்லாதவர்கள்

மொய் நோட்டுக்கு இன்னொரு தடவை போவோம். அதில் யார் பெயர் இருக்கிறது? பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயர். நான்கு நாள் முன்பே வந்து பாத்திரம் கழுவிய அத்தையின் பெயர் இருக்காது. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை என்று பொருளா?

1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கிறது. அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் பெரும்பாலும் இல்லை. 1860இல் அப்படி அடிமைப்பட்டிருந்தவர்கள் 39 லட்சத்துக்கும் மேல். சான்றில் மௌனம் இருந்தால் அதையும் படிக்க வேண்டும் என்பதை உயர்நிலைப் பள்ளியில் இந்தப் பட்டியலை வைத்துச் சொல்லித்தருவதுண்டு.

அந்த மக்களின் குரல் பிறகு ஓரளவு பதிவானது. 1936 முதல் 1938 வரை, அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ், ஒருகாலத்தில் அடிமையாக இருந்த 2,300 பேருக்கு மேல் பேட்டி கண்டார்கள். அதில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனைச் சேர்ந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டி, நூறு வயதை ஒட்டியவர், இரண்டு முறை பேட்டி கொடுத்திருக்கிறார். ஒரு முறை வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நிவாரண அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று மூதாட்டி நினைத்துக்கொண்டார். பழைய எஜமான் நல்லவர் என்று பேச்சு போகிறது. இன்னொரு முறை வந்தவர் ஒரு கறுப்பினத்தவர். அவரிடம் கசையடியைப் பற்றிப் பேசுகிறார். எச்சரிக்கை ஏதும் இல்லாமல் தாயையோ பிள்ளையையோ விற்றுவிட, இரவும் பகலும் கேட்கும் அலறலைப் பற்றிப் பேசுகிறார்.

ஒரே ஆள், ஒரே வாழ்க்கை, இரண்டு சான்று. எது உண்மை என்று அவசரப்பட்டுக் கேட்பதைவிட, பொருளாதாரப் பெருமந்த காலத்தில், நிறவெறிச் சட்டங்கள் நிலவிய ஊரில், அரசாங்க உதவியை எதிர்பார்த்திருக்கும் ஒரு கிழவி, தன் வாசலில் வந்து நிற்கும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் எதைச் சொல்ல முடியும் என்று கேளுங்கள். சோர்ஸிங் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

## அப்படியானால் எல்லாம் அவரவர் கருத்தா?

இந்த இடத்தில் மூன்றாவது பேச்சு வந்து நிற்கும். எல்லாச் சாட்சியையும் சந்தேகப்படலாம் என்றால், யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே?

இல்லை. லெக்சிங்டன் திறந்த கேள்வி. எல்லாக் கேள்வியும் அப்படித் திறந்து கிடப்பதில்லை. தென் மாநிலங்கள் 1860-61இல் ஏன் பிரிந்து போயின, அதாவது உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "மாநில உரிமைக்காகப் போரிட்டார்கள், அடிமைமுறைக்காக இல்லை" என்று இன்றும் சிலர் சொல்வார்கள். பிரிந்துபோன மாநிலங்களே அப்போது காரணம் எழுதி வெளியிட்டிருக்கின்றன. மிசிசிப்பியின் 1861 அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமைமுறை என்ற அமைப்போடு முற்றிலும் ஒன்றியது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. ஒளிவுமறைவே இல்லை. சம்பந்தப்பட்டவரே, அந்த நேரத்திலேயே, பெருமையோடு, தன் வாயால் சொன்னது. ஒன்றுக்கு நாலு மாநில அறிக்கைகள் ஒத்துப்போகின்றன.

பின் மற்ற கதை எங்கிருந்து வந்தது? போரில் தோற்ற பிறகு வந்தது. தென்னக வீரர்களின் வழிவந்த பெண்கள் 1894இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் வரலாற்றுப் பொறுப்பாளராக இருந்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட் 1919இல் பள்ளிப் புத்தகங்களை அளக்க ஒரு அளவுகோலே வெளியிட்டார். தெற்கு தன் அடிமைகளைத் தக்கவைக்கப் போரிட்டது என்று சொல்லும் புத்தகத்தைத் தள்ளிவிடுங்கள் என்பது அதில் ஒரு விதி. அந்த அளவுகோலும் முதன்மைச் சான்றுதான், 1861ஐப் பற்றி அல்ல, 1919ஐப் பற்றி.

சான்றை எடைபோடுவது கருத்துச் சொல்வதிலிருந்து வேறுபடும் இடம் இது. எடைபோட்டால் சில சமயம் தட்டு ஒரே பக்கம் தரையில் இடித்து நிற்கும்.

## ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பாடத்திட்டம்

"டெக்சாஸ்ல இருக்கற என் அண்ணன் பையன் வேற படிக்கறான்" என்று கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. அரசியலமைப்பில் கல்வி மத்திய அரசின் கையில் ஒப்படைக்கப்படவில்லை. ஒப்படைக்காத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்கிறது பத்தாவது திருத்தம். டெக்சாஸில் எட்டாம் வகுப்பில் குடியேற்றக் காலம் முதல் 1877 வரை, மீதி உயர்நிலையில். கலிபோர்னியாவில் ஐந்து, எட்டு, பதினொன்று என மூன்று வகுப்புகளில் பிரித்துப் படிக்கிறார்கள். என்ன கற்பிப்பது என்பதை டெக்சாஸில் முடிவு செய்வது, தேர்தலில் ஜெயித்து வரும் 15 பேர் கொண்ட வாரியம். உள்நாட்டுப் போருக்கான காரணங்களில் அடிமைமுறைக்கே மையப் பங்கு என்று அந்த வாரியம் தன் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டது 2018இல்தான். அதற்கு முன்பு மற்றக் காரணங்களுக்குப் பின்னால் அது மூன்றாவதாக நின்றது.

உயர்நிலைக்குப் போனதும் தாள்கள் பெருகும். கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் டிபிக்யூ என்று ஒரு பகுதி வரும். ஆவணம் சார்ந்த கேள்வி என்று பொருள். ஏழு ஆவணங்களைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டுரை கேட்பார்கள். முதலில் உன் முடிவைச் சொல், பிறகு இந்த ஏழிலிருந்தும் வெளியிலிருந்தும் ஆதாரம் காட்டு, அதை எழுதியவர் ஏன் அப்படி எழுதினார் என்றும் சொல். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு இதற்கு. ஆண்டுகளையும் பெயர்களையும் தெரிந்து வைத்திருக்காமல் இதில் ஒரு பத்தி நகராது. "மனப்பாடமே வேண்டாம்" என்று நினைத்துக்கொண்டு போன பிள்ளைகள் முதல் தேர்வில் அடி வாங்குவது இதனால்தான்.

எல்லாப் பள்ளியிலும் இப்படி நடக்கிறதா என்றால், நடப்பதில்லை. நேரம் குறைவு, வாசிப்புக்கும் கணக்குக்கும் போக மிச்சம்தான் வரலாற்றுக்கு. நாடளாவிய மதிப்பீட்டில் 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 13 சதவீதம் பேர்தான் அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையை எட்டினார்கள். பணித்தாளை நிரப்பி, படத்துக்கு வண்ணம் அடித்து முடிகிற வகுப்புகளும் நிறைய உண்டு. நம் பெற்றோரின் குறையில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்பதைவிட, "அந்தத் தாளை யார் எழுதினாங்களாம்?" என்று கேட்டால் எந்த வகை வகுப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

## நீலக் கடிதம்

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் குடியேற்றம் பற்றிய பாடம். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமைச் சட்டம் சொல்லும் வெள்ளையர் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946இல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒரு சிறிய வாசல் திறந்தது. 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது. நம்மவர்கள் இத்தனை பேர் இங்கே இருப்பதற்கு அந்தச் சட்டம்தான் அடித்தளம். பாடத்தோடு ஒரு வேலையும்: வீட்டிலிருந்து ஒரு முதன்மைச் சான்று கொண்டு வா.

அம்மா போன பிறகு ஊரிலிருந்து எடுத்து வந்த தகரப் பெட்டியில், நான் 1998 நவம்பரில் எழுதிய நீலநிற ஏர்மெயில் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனாலும் முதலில் கடைசி வரிக்குப் போனாள். தேதி, என் கையெழுத்து. பிறகு திருப்பி முகவரி.

"இது பாட்டிக்கு எழுதினதா?"

"ஆமா."

மேலே வந்து மெதுவாகப் படித்தாள். இங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, குளிரும் பழகிவிட்டது, நீ கவலைப்படாதே.

"அப்பா, அந்த மாசம் நிஜமா என்ன சாப்பிட்டீங்க?"

"பிரெட். நீ பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. பிரெட்டும் எலுமிச்சை ஊறுகாயும்."

குறித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் குறிப்பையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதையும் நீங்கதான் சொல்றீங்க. அப்ப உங்க கூட ரூம்ல இருந்த மாமா ஒருத்தர் உண்டுன்னு சொன்னீங்களே, அவர் நம்பர் இருக்கா?"